கோடையில் குடும்பத்தோடு பாறைப் பள்ளத்தாக்குப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மூடியதும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை, லீவும் போட்டாயிற்று. லாஸ் வேகஸில் இறங்கி, யூட்டா, அரிசோனா பக்கம் காரிலேயே ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று திட்டம். அந்தச் சுற்றை நான் மூன்று முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை என் பெற்றோருடன். கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

"ஜூன், ஜூலைல போலாமா? பாலைவனமாச்சே, வெயில் கொளுத்தாதா?"

கொளுத்தும். ஜூலையில் யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவிலும் மோவாப் ஊரிலும் பகலில் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாம் என்று நினைக்க வேண்டாம், இது வேறு வெயில். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது. உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாமலே தலைவலியும் கிறுகிறுப்பும் வந்து நிற்கும்.

ஆனால் வழி முழுக்க இப்படி இல்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 அடிக்கும் மேல். ஜூலையிலும் பிரைஸில் விடியற்காலை ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. பெட்டியில் பருத்தி உடையும் கம்பளியும் சேர்ந்தே இருக்கட்டும்.

கோடையில் போவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். நடை எல்லாம் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும். பத்திலிருந்து நான்கு வரை அறையிலோ காரிலோ நிழலிலோ இருங்கள். மாலையில் மறுபடி வெளியே வரலாம். கீழே பல பதில்களில் இந்தப் பத்து மணிக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

"எத்தனை நாள் வேணும்? அஞ்சு நாள்ல முடிச்சிடலாமா?"

முழுச் சுற்று என்றால் ஒன்பது இரவாவது வேண்டும். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் ஸயான், பிரைஸ், அரிசோனாவின் பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பாருங்கள். லாஸ் வேகஸிலிருந்து ஸயான் 160 மைல். அங்கிருந்து பிரைஸ் 85 மைல். பிரைஸிலிருந்து 12ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா 120 மைல் இருக்கும், ஆனால் மலைமுதுகில் வளைந்து போகிற பாதை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மோவாப், மானுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று மணி நேர ஓட்டம். கடைசியில் லாஸ் வேகஸ் திரும்ப நாலரை மணி நேரம். மொத்தம் 1,200 மைல் அளவுக்கு வரும். ஸயான், மோவாப், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதில்தான் பெரியவர்கள் சோர்ந்து போகிறார்கள்.

"வாடகைக் காரா, சொந்தக் காரா? பெருசா எடுக்கணுமா?"

எதுவானாலும் சரி, ஏசி நன்றாக வேலை செய்ய வேண்டும், டயர் நன்றாக இருக்க வேண்டும். முக்கியச் சாலைகள் எல்லாம் தார்ச்சாலைதான், ஜீப் தேவையில்லை. மண்சாலைகளில் இறங்க வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் அனுமதிக்காது. வண்டியை வாங்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை எனக்குத் தந்த காரில் ஸ்டெப்னியே இல்லை, ஒரு சின்னக் காற்றடிக்கும் பம்ப்தான் இருந்தது. கேட்ட பிறகுதான் வேறு வண்டி கொடுத்தார்கள்.

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. யூட்டாவில் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் ஊருக்கும் சலைனாவுக்கும் நடுவே 110 மைலுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. வழியில் பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

"ஒவ்வொரு பூங்காவுக்கும் தனியா டிக்கெட்டா? பாஸ் இருக்காமே?"

இருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டுப் பாஸ் 80 டாலர். இந்தச் சுற்றில் மூன்றாவது பூங்காவிலேயே போட்ட பணம் வந்துவிடும். பிள்ளை அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படித்தால் அந்த வருடம் இலவசப் பாஸ் உண்டு. அது ஆகஸ்ட் கடைசி வரை செல்லும், ஆகவே நான்காம் வகுப்பு முடித்த கோடையிலும் பயன்படுத்தலாம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. அவர்களுக்கு ஆண்டுப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் வந்தால், 11 பெரிய பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர். கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிளம்பும் முன் அந்தந்தப் பூங்காவின் இணையப் பக்கத்தில் கட்டண விவரத்தைப் படித்துவிடுங்கள். எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

"அந்தப் பாஸ் எல்லா இடத்துலயும் செல்லுமா?"

செல்லாது. மானுமென்ட் வேலியும், பேஜ் பக்கத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அங்கே கட்டணமும் விதிகளும் அவர்களுடையவை. மது எடுத்துப் போகக் கூடாது. ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் வண்டி நிறுத்தும் இடம் பேஜ் நகரத்தினுடையது. மோவாப் அருகே இருக்கும் டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்கா. இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

"கிராண்ட் கேன்யன்ல கண்ணாடிப் பாலம் இருக்காமே, அங்க போனா போதும்தானே?"

கண்ணாடிப் பாலம் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில். அது வாலபாய் பழங்குடி மக்களின் நிலம், தேசியப் பூங்காவுக்குள் வராது, 2007இல் திறந்தார்கள். லாஸ் வேகஸிலிருந்து பக்கம் என்பதால் ஏராளமானவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிராண்ட் கேன்யன் பார்த்தாயிற்று என்று திரும்புகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். பள்ளத்தாக்கு 277 மைல் நீளம், சில இடங்களில் 18 மைல் வரை அகலம், ஒரு மைல் ஆழம். அந்த அகலத்தை உணர வேண்டுமானால் தெற்கு விளிம்புக்குப் போக வேண்டும்.

வடக்கு விளிம்பு எதிர்க்கரையில்தான் தெரியும், பறவைக்குப் பத்து மைல். காரில் சுற்றிப் போனால் 200 மைலுக்கு மேல். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய தங்கும் விடுதி எரிந்துபோனது. முதல் முறை போகிறவர்கள் தெற்கே போங்கள்.

"தண்ணி எவ்வளவு எடுத்துக்கணும்?"

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து பேர் என்றால் காரில் எப்போதும் பத்து கேலன் இருக்கட்டும், வண்டி நின்றுபோனாலும் ஒரு நாள் தாங்கும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும். எலுமிச்சம் பழச்சாற்றில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், உப்புப் போட்ட வேர்க்கடலை, முறுக்கு எல்லாமே இங்கே மருந்துதான். என் அம்மா காய்ந்த நார்த்தங்காயைப் பொட்டலமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

சின்ன ஊர்களில் சைவம் என்றால் பீட்சா, பீன்ஸ் புரிட்டோ, உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். இரவு எட்டரை, ஒன்பதுக்குக் கடைகளும் மூடிவிடும். லாஸ் வேகஸில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, தேவையானதை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும். நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். தயிர் சாதத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், இந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். சாதத்தைத் தனியாகவும் தயிரை ஐஸ்பெட்டியிலும் வைத்துச் சாப்பிடும்போது பிசைந்துகொள்ளலாம். அதற்கப்புறம் சமையலறை உள்ள அறைகளாகப் பதிவு செய்தால் ஒரு சின்ன ரைஸ் குக்கர் குடும்பத்தையே காப்பாற்றும். சாதாரண ஹோட்டல் அறையில் தாளிக்காதீர்கள், புகை அலாரம் அடித்துவிடும்.

"அம்மாவுக்கு எழுபது வயசு, மூட்டுவலி. கூட்டிட்டுப் போய் கார்லயே உக்கார வைக்கிறதா?"

காரில் உட்கார வைக்காதீர்கள், தயவுசெய்து. நிறுத்தின காருக்குள் சில நிமிடத்தில் சூடு ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. அது ஒருபுறம் இருக்கட்டும். இவ்வளவு தூரம் வந்தவர்கள் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு மலை ஏற வேண்டியதில்லை. கிராண்ட் கேன்யனில் விளிம்பை ஒட்டித் தளம் போட்ட நடைபாதை இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். அங்கே ஷட்டில் பஸ் மட்டும் போகிற ஹெர்மிட் சாலையில், நடக்க முடியாதவர்கள் இருந்தால் சொந்தக் காரில் போக அனுமதிச்சீட்டு தருகிறார்கள், விசிட்டர் சென்டரில் கேளுங்கள். பிரைஸில் சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் நடுவே அரை மைல் சமமான பாதை. ஸயானில் ஷட்டிலில் ஏறி உட்கார்ந்தாலே இரு பக்கமும் பாறைச்சுவர்கள்தான்.

இரத்த அழுத்த மாத்திரைகளில் சில உடம்பு நீரை வெளியேற்றும். கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுப் போகக் கூடாது. ஐஸ் மேலேயே நேராகவும் வைக்கக் கூடாது, துணியில் சுற்றி வையுங்கள். பிரைஸ் உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கும், மெதுவாக நடந்தால் போதும்.

"பசங்களுக்கு போரடிக்காதா? பாறையை எவ்வளவு நேரம் பாப்பாங்க?"

விசிட்டர் சென்டரில் போனதும் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள். அதில் உள்ளவற்றைப் பார்த்து, எழுதி, வரைந்து முடித்தால், ரேஞ்சர் உறுதிமொழி எடுக்கவைத்து ஒரு பேட்ஜ் தருவார். என் மகள் ஒவ்வொரு பூங்காவிலும் வலது கையை உயர்த்தி நின்று அதைச் சொன்னாள். இரண்டாவது பேட்ஜுக்குப் பிறகு அவள்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு விஷயம் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அணிலுக்குத் தீனி போடக் கூடாது, கிராண்ட் கேன்யன் அணில்கள் விரலைக் கடிக்கும். மோவாப் பக்கம் மணலில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியதுபோல இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. அது உயிருள்ள மண், மிதித்த தடம் ஆற வருடக்கணக்கில் ஆகும். கைக்குழந்தை இருந்தால் முதுகில் சுமக்கும் பை கொண்டுபோங்கள், தள்ளுவண்டி மணலில் உருளாது.

"ஸயான்ல கார் விட மாட்டாங்களாமே?"

பள்ளத்தாக்கின் உள்சாலையில் ஷட்டில் ஓடும் மாதங்களில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. கோடை முழுக்க அப்படித்தான். பஸ் இலவசம். சிக்கல் வாசலில் வண்டி நிறுத்துவதில்தான், காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேல் ஊரில் தங்கினால் காரை அங்கேயே விட்டுவிட்டு ஊர்ப் பஸ்ஸில் வாசலுக்கு வரலாம். பத்து மணிக் கணக்கு இங்கேதான் ரொம்ப உதவும். ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு 2022 முதல் பெர்மிட் வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஏறும் பாதை, சின்னப் பிள்ளைகளுடன் போக வேண்டாம்.

"போன்ல மணி மாறிக்கிட்டே இருக்கு. எதை நம்பறது?"

இந்தக் கேள்வியில்தான் டிக்கெட் போன கதைகள் நிறைய. லாஸ் வேகஸைவிட யூட்டா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனா மற்ற பல மாநிலங்களைப்போலக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதில்லை, ஆகவே கோடையில் லாஸ் வேகஸும் அரிசோனாவும் ஒரே மணி. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுகிறது, ஆகவே மானுமென்ட் வேலி யூட்டா மணி.

பேஜ் ஊர் அரிசோனா மணியில் ஓடுகிறது. ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலமாக இருந்தாலும் சுற்றுலா நேரம் பேஜ் மணிதான். ஊரைச் சுற்றி நவஹோ, யூட்டா செல்போன் கோபுரங்கள் இருப்பதால் போன் எதைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். பேஜில் இருக்கும் வரை போனில் நேரத்தைக் கையால் ஃபீனிக்ஸ் (அரிசோனாவின் தலைநகர்) என்று வைத்துவிடுங்கள்.

"ஆன்டிலோப்ல மேலதா கீழதா? வானம் தெளிவா இருந்தும் மூடிட்டாங்க, ஏன்?"

மேல் பள்ளத்தாக்கில் உள்ளே நடப்பது சமதரை. கோடை மதியத்தில் மேலிருந்து ஒளித்தூண் இறங்குவதும் அங்கேதான். கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான இரும்புப் படிகள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மேல்தான்.

மூடுவதற்குக் காரணம் வெள்ளம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே மதிய இடிமழைக் காலம். மழை பல மைல் தள்ளிப் பெய்யும். பாறை தண்ணீரைக் குடிக்காது. வழிந்த தண்ணீரெல்லாம் இந்தக் குறுகிய வெடிப்புக்குள் ஒன்றாக வந்து நிறையும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பள்ளத்தாக்கில் இப்படி வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். வழிகாட்டி போகாதே என்றால் வாதாடாதீர்கள். ஸயானில் நாரோஸ் என்ற குறுகிய பகுதியில் ஆற்றுக்குள் நடப்பதற்கும் இதுவே விதி, காலையில் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த ஆற்றில் நச்சுப் பாசி இருப்பது 2020இல் தெரியவந்தது. தண்ணீரைக் குடிக்கவோ தலையை முக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

"கிராண்ட் கேன்யன்ல கொஞ்ச தூரம் இறங்கிட்டு வந்துடலாம்தானே?"

மலை ஏறுகிறவனுக்குச் சிரமம் முதலில் வரும், களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். இறங்க அரை மணி ஆனால் ஏற ஒரு மணி. கீழே போகப் போகச் சூடும் கூடும், வெயில் படும் பாதையில் 49 டிகிரி வரை போகிறது. பத்திலிருந்து நான்கு வரை நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்களே சொல்கிறார்கள். பிரைட் ஏஞ்சல் பாதையில் விடிந்ததும் இறங்கி, பாறையைக் குடைந்த முதல் சுரங்கவழி வரை போய்த் திரும்பினாலே பள்ளத்தாக்கின் உள்ளிருந்து பார்த்த அனுபவம் கிடைக்கும். ஆறு வரை ஒரே நாளில் போய்வரும் எண்ணமே வேண்டாம்.

"எல்லாமே சிவப்புப் பாறைதானே? எதுக்கு இத்தனை இடம்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இந்த நிலம் ஒரு மாபெரும் படிக்கட்டு. பிரைஸின் அடிப்பாறைதான் ஸயானின் மேல்பாறை. ஸயானின் அடிப்பாறைதான் கிராண்ட் கேன்யனின் மேல்பாறை. பிரைஸில் தொடங்கிக் கிராண்ட் கேன்யனில் முடித்தால் படிப்படியாகப் பழைய காலத்துக்குள் இறங்குகிறீர்கள். பிரைஸின் பாறைத் தூண்களைச் செதுக்கியது பனி. விரிசலில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. மோவாப் அருகே இருக்கும் ஆர்ச்சஸ் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள். அங்கே அடியில் புதைந்த பழைய கடலின் உப்புப் படுகை நகர்ந்ததில் மேலிருந்த பாறை வெடித்தது.

ஸயானின் சுவர்கள் ஒரு காலத்தில் மணல்மேடுகள். கிழக்கு வாசல் பக்கம் செக்கர்போர்ட் மேசா என்ற குன்று இருக்கிறது. என் அப்பா திசையன்விளைப் பக்கத்துக்காரர், தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளில் நடந்து வளர்ந்தவர். காரிலிருந்து இறங்கி, பாறையில் சாய்வாக ஓடிய வரிகளை உள்ளங்கையால் தடவினார். "காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சிருக்கு பாரு" என்றார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அந்த வரிகள் காற்று மணலை அடுக்கிய தடம்தான், பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு முன் அடித்த காற்று.

கிராண்ட் கேன்யனில் ஆற்றை ஒட்டிய கரும்பாறைக்கு விஷ்ணு என்று பெயர். வயது 170 கோடி ஆண்டுகள். உள்ளே நிற்கும் சிகரங்களுக்குச் சிவன் கோயில், விஷ்ணு கோயில் என்று 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர். பூங்கா வரைபடத்தில் அந்தப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள், பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து தேடுவார்கள்.

"ராத்திரில பாக்க ஏதாவது இருக்கா?"

வானம். பிரைஸில் தங்கும் இரவு அமாவாசையை ஒட்டி வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நம் தினசரிக் காலண்டர் போதும், ஆடி அமாவாசை சரியாகக் கோடை விடுமுறையில் வருகிறது. ஜூனில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், பத்தரைக்கு மேல் வெளியே வாருங்கள். தெற்கே விருச்சிகமும் அதன் நடுவில் சிவப்பாகக் கேட்டையும், அங்கிருந்து மேலே பால்வீதியும் தெரியும். போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

"டெத் வேலியும் வழியிலதானே, சேத்துக்கலாமா?"

கோடையில் வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம். பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அங்கே வண்டி நின்றால் என்ன செய்வீர்கள்? டிசம்பரில் தனியாகப் போகலாம்.

"ஒரு இடத்த விட்டாகணும்னா எதை விடுவீங்க?"

எல்லாரும் கேபிடல் ரீஃபைத்தான் விடுகிறார்கள், பெயர் கேள்விப்படாததால். நான் அதை விடமாட்டேன், மானுமென்ட் வேலியை விடுவேன். 

கேபிடல் ரீஃபில் ஃப்ரூட்டா என்று ஒரு பகுதி. சிவந்த பாறைச்சுவருக்கு அடியில், மார்மன் சமயக் குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. ஜூனில் செர்ரி, ஜூலையில் ஆப்ரிகாட், ஆகஸ்டில் பீச். பழுத்த தோட்டத்தின் வாசலில் அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். ஏணியும் துறடும் அங்கேயே இருக்கும். தோட்டத்துக்குள் சாப்பிடுவதற்குக் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப் போவதை நாமே தராசில் நிறுத்துப் பெட்டியில் பணம் போட வேண்டும். என் அம்மா துறட்டை வாங்கி, ஊரில் முருங்கைக்காய் பறிக்கிற அதே திருகலில் ஆப்ரிகாட்டைத் திருகி இறக்கினார். கீழே அப்பா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். பயணத்தில் அவர்கள் இருவரும் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள், பெட்டிக்கு முன்னால் மீதி தர ஆள் இருக்காது.